நண்டு வளைக்கு நிரல் இல்லை

படிவத்தின் தலையில் கோதுமை என்றிருந்தது.
எந்த நாட்டில் வரைந்த அட்டவணையோ,
கொழும்பில் யாரோ நீலப் பேனையால் வெட்டி
மேலே நெல் என்று எழுதியிருந்தார்கள்.
வெட்டுக்குக் கீழே கோதுமை
இன்னும் வாசிக்கும்படிதான் கிடந்தது.

மல்கம்பிட்டி வட்டைக்குக் கோதுமை
மாவாக மட்டுமே வரும்.
பத்து மணிக்கு வரம்பில் குந்தியிருந்து பிரிக்கும் பார்சலில்
ரொட்டியாய்,
சம்பல் ஊறிய தாளோடு.

கலந்தர்லெவ்வைக்கு இரண்டு ஏக்கர்.
நடுவில் ஒரு வரம்பு.
வடக்கே யூரியா, மூன்று தரம்.
மூன்றாம் தரத்துக்கு மனைவியின் காப்பு அடகில்.
தெற்கே மாட்டெரு, வேலிக் கிளிசரியாத் தழை,
பட்டணத்துக் குப்பையில் செய்த கூட்டுப்பசளை:
அதற்குள் ஒரு பற்பசை மூடி,
ஒரு பொம்மையின் கை.

சதுர மீற்றர்ச் சட்டத்தைக்
கண்ணை மூடிக்கொண்டு எறிகிறேன்.
விதி அப்படி.
விழுந்த இடத்தில் தாக்கத்தி.

வடக்கு, முந்நூற்று நாற்பது கதிர்.
தெற்கு, இருநூற்றுப் பதினொன்று.
திரும்ப எண்ணினேன்:
இருநூற்றுப் பத்து.
ஒரு கதிரை
என் ஆசைதான் கூட்டியிருக்கிறது.

"உள்ளத எழுதுங்க மிஸ்.
பசளை இல்லாத போகம்
எருவ அள்ளிக் கொட்டுங்க, போதும் எண்டாங்க.
காமாலை புடிச்ச புள்ள மாதிரி
பயிர் மஞ்சளா நிண்டிச்சு.
இப்ப யூரியா வந்திரிக்கி,
இப்பயும் ஆக்கள் வந்து பேசுறாங்க.
ஆரும் என்ட கடனப் பத்திப் பேசல்ல."

உள்ளதை எழுதினேன்.
வடக்கே கால்வாசி சாய்ந்து கிடக்கிறது.
கரும்பச்சை கண்டு இறங்கிய அறக்கொட்டி
நடுவயலில் ஒரு வட்டம் எரித்திருக்கிறது,
மாட்டுவண்டிச் சில்லளவு.
தெற்கே நெல் குறைவு, ஆனால் நிமிர்ந்து நிற்கிறது.
மண்வெட்டியை ஒருமுறை போட்டுப் புரட்டினால்
ஒன்பது மண்புழு.
புழுவுக்கு நிரல் உண்டு,
'ஏனையவை' என்று.

வெயில் சரியத் தொடங்கியபோதுதான் கண்டேன்:
தெற்குப் பக்கத்துக் கிழக்கு மூலையில்
இரண்டு பாகம் அகலத்துக்கு
மற்றெல்லாவற்றையும் விட உயரமாய் ஒரு கீற்று,
கதிர் கனத்துக் கழுத்து வளைந்து.

கலந்தர்லெவ்வை சிரித்தார்.
"அது நண்டு செஞ்ச வேல, மிஸ்.
ரெண்டு தரம் சேறு வெச்சு அடைச்சன்.
மூணு தரம் தோண்டிட்டான்."

வரம்பின் வயிற்றில் உள்ளங்கை அளவு ஓட்டை.
வடக்கில் கரைந்த உப்பு
இரவிரவாய் அதன் வழியே கசிந்து
தெற்கின் எருவில் ஊறியிருக்கிறது.
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்
ஒரு நண்டு நடத்திய பரிசோதனை.

சட்டத்தை எறிந்தேன்,
இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு.
முந்நூற்று எழுபத்தாறு.

"இது எந்தப் பக்கத்துக் கணக்கு?"

ஒரேயொரு மூலைதானே, என்றது படித்த மூளை.
மூலைக்கு வெயில் கூட விழுந்திருக்கலாம்,
தண்ணீர் கூட நின்றிருக்கலாம்,
கண் திறந்து எறிந்ததை
எண்ணிக்கையில் சேர்க்கவும் கூடாது.
எல்லாம் சரி.
ஆனாலும் மூன்றாவது உரப்பையைக் கட்டினேன்.
பெயரெழுதும் துண்டு
வெறுமையாய்க் காற்றில் ஆடியது.

சம்மாந்துறை பஸ்ஸில் மூன்று பையும் என் மடியில்.
"என்ன நெல்லு?" என்றான் நடத்துனர்.
"தொண்ணூற்று நாலு" என்றேன்.
மூன்றுக்கும் அது ஒன்றுதான் பெயர்.
டிக்கட் கிழித்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

இரவு படிவத்தை நிரப்பினேன்.
இரசாயனப் பசளைக்கு ஒரு நிரல்,
சேதனப் பசளைக்கு ஒரு நிரல்,
இடையில் ஒரு கறுப்புக் கோடு.
அந்தக் கோட்டின் மேலேயே
தாளைப் பக்கவாட்டாய்த் திருப்பி
மூன்று இலக்கங்களைப் பொடியாய் எழுதினேன்.

பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து அழைப்பு.
"மிஸ், நடுக்கோட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது.
அழுக்கா, பூச்சியா?"

"நண்டு" என்றேன்.